தேர்தற் சொற்களும் அவற்றின் காரணப் பொருளும்

முன்னுரை

தேர்தல் பற்றிய தமிழ்ச் சொற்கள் இருவகைச் சீர்திருத்தத்தை வேண்டி நின்றன. முதலாவது சீர்திருத்தம் பெரும்பாலும் நிறைவேறிவிட்டது. அபேட்சகர் வேட்பாளர் ஆயினார். மந்திரி அமைச்சர் ஆயினார். சட்டசபை சட்டமன்றம் ஆயிற்று. மெம்பர் உறுப்பினர் ஆயினார். பிரஜை குடிமகன் ஆனான். மேடைகளும் இதழ்களும் இம்மாற்றத்தைப் பரப்பின. 1956-ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் அதற்கு அரண் செய்தது. இன்று இச்சொற்களைப் பள்ளி மாணவரும் இடர்ப்பாடின்றி வழங்குகின்றனர். இரண்டாவது சீர்திருத்தமோ இன்னும் முறையாகத் தொடங்கப்பெறவில்லை. சொல் தமிழாயிற்று, ஆயினும், அச்சொல் சுட்டும் உரிமையும் கடமையும் அதனிடத்து விளங்கத் தோன்றுகின்றனவா என்னும் வினாவைத் தமிழாய்வார் போதிய அளவில் எழுப்பினாரிலர். அவ்வினாவை எழுப்புதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்கள் யாவும் பொருளுடையன என்பதும், ஒரு சொல் ஒரு பொருளுக்கு உரியதானமைக்குரிய காரணம் பார்த்த அளவில் புலனாகாது என்பதும் தொல்காப்பியர் கொள்கைகள். பின்வந்த நன்னூலார் பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் பகுத்தோதினார். தேர்தற் சொற்கள் மிகப் பலவும் அண்மைக் காலத்தே ஆக்கப்பட்டன ஆகலின் அவை காரணப் பெயர்களே. காரணப் பெயரின் காரணம் மறைந்தால் அஃது இடுகுறிபோல் வழங்கும். அதனால் எஞ்ஞான்றும் தீங்கு நேரும் என்பதில்லை. எள்ளின் நெய்யே எண்ணெய். எனினும் தேங்காயெண்ணெய் என்னும் வழக்கால் ஏமாறுவார் எவருமிலர். பொருள் கண்முன் இருத்தலின் சொல்லின் வழுவைப் பொருளே திருத்திவிடும். அரசியற் சொல்லின் நிலை வேறு. பெரும்பான்மை, ஒதுக்கீடு, வாக்குரிமை என்பன கட்புலனாகும் பொருள்கள் அல்ல. குடிமகன் அவற்றைச் சொல்லின் வாயிலாகவே அறிகின்றான். ஆண்டுச் சொல் பிழைபடின் அறிவு பிழைபடும். அறிவு பிழைபடின் உரிமையும் குறைபடும்.

ஆகவே, ஒவ்வொரு சொல்லையும் மூன்று வினாக்களைக் கொண்டு ஆராய்வாம். சொல்லின் காரணப் பொருள் யாது? சட்டம் அச்சொல்லாற் கருதும் பொருள் யாது? இரண்டும் வேறுபடுமாயின் அவ்வேறுபாட்டால் நலம் பெறுவோர் யாவர்? முதல் வினா மொழிநூலார்க்கு உரியது. இரண்டாவது சட்டநூலார்க்கு உரியது. மூன்றாவது சீர்திருத்தம் நாடுவார்க்கு உரியது. மூன்றனையும் ஒருசேர எழுப்பினாலன்றி இச்சொற்களின் உண்மை நிலை புலப்படாது.

1. தேர்தல்

தேர் என்னும் வினையடி ஆராய்தலையும், ஆராய்ந்து கொள்ளுதலையும் குறிக்கும். திருக்குறளின் 51-ஆம் அதிகாரமாகிய தெரிந்து தெளிதல், வினைக்குரியாரை அரசன் எவ்வாறு ஆராய்ந்து நம்புதல் வேண்டும் என்பதனை விரிக்கின்றது. ஆராய்ச்சி முன்னும் நம்பிக்கை பின்னும் நிகழ்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். அன்று அரசன் செய்த அவ்வாராய்ச்சி இன்று குடிமகனுக்கு உரியதாயிற்று. அரசியலமைப்பின் 326-ஆம் பிரிவு 21 அகவை நிரம்பியார் அனைவர்க்கும் வாக்குரிமை நல்கியது. 61-ஆம் திருத்தம் 1989-இல் அவ்வகவையை 18 ஆக்கிற்று. எனவே தேர்தல் என்னும் சொல் பொறுக்கியெடுத்தலை மட்டும் குறியாது, அதற்கு முன்நிகழும் ஆராய்ச்சியையும் உள்ளடக்கி நிற்கின்றது. இவ்வகையில் அது மிகச் சிறந்த ஆக்கம்.

தேர்தலின் தொன்மையைக் காட்டக் குடவோலையைச் சான்று கூறுதல் மேடைகளிற் பெருவழக்கு. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அம்முறையை விளக்குகின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையார் பெயர்கள் ஓலையில் எழுதப்பெற்றுக் குடத்தில் இடப்பட்டன. சிறுவன் ஒருவன் அவற்றுள் ஒன்றனை எடுத்தான். குழிசியினின்று ஓலை எடுக்கும் வழக்கு அகநானூற்று 77-ஆம் பாட்டிலும் உவமையாக வந்துள்ளது. ஆயினும் குடவோலையில் ஊரார் எவரும் தம் விருப்பத்தை வெளியிடவில்லை. அது திருவுளச்சீட்டு முறை. மேலும், இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் மறைப்பயிற்சியும் உடைய, 35 அகவைக்கு மேற்பட்டு 70-க்கு உட்பட்ட ஆடவரே அதற்கு உரியராயினர். பிரமதேய ஊர்ச் சபையின் அமைப்பு அது. ஊர்மக்கள் அனைவர்க்கும் உரியதன்று. இவ்வேறுபாடுகளை மறைத்துக் குடவோலையை இன்றைய தேர்தலின் தாய் எனல் பொருந்தாது. எனினும் அக்கல்வெட்டில் நாம் போற்றிக் கொள்ளற்குரிய விதி ஒன்றுண்டு. வாரியத்திற் பணிபுரிந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியராகார் என்பதே அது.

கணக்குக் காட்டுதல் என்னும் இக்கடப்பாடு நம் காலத்தில் நீதிமன்றத்தின் வாயிலாகவே வலுப்பெற்றது. வேட்பாளர் தம் குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை வாக்காளர்க்கு வெளிப்படுத்துதல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2002 மே 2 அன்று தீர்ப்பளித்தது. அதனை மட்டுப்படுத்தக் கொணர்ந்த சட்டப்பிரிவு 2003 மார்ச்சு 13 அன்று செல்லாதெனப்பட்டது. 2018-இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் பத்திரத் திட்டமும் 2024 பிப்ரவரி 15 அன்று அவ்வாறே நீக்கப்பட்டது. பத்திரம் என்றவுடன் கொடுப்பார் பெயரும் கொள்வார் பெயரும் பொறித்துப் பதிவு செய்யப்பெறும் ஆவணத்தையே தமிழர் எண்ணுவர். தேர்தல் பத்திரத்திலோ இருவர் பெயரும் இல்லை. நிலம் விற்பார்க்கும் வாங்குவார்க்கும் பழக்கமான சொல்லொன்று, அதன் இன்றியமையாக் கூறு நீக்கப்பட்ட பொருளுக்குப் பெயராயிற்று. இம்மூன்று தீர்ப்புகளும் தேர்தல் என்னும் சொல்லின் முற்பகுதியாகிய ஆராய்ச்சியைக் காத்தன எனலாம். அறியாதார் தேர்தல் இயலாது.

2. வேட்பாளரும் கட்டுத்தொகையும்

வேள் என்னும் அடி விரும்புதற் பொருட்டு. வேட்கை, வேட்டல், வேட்பு என்பன அதன் வழிவந்தன. அபேட்சகர் என்னும் வடசொல்லின் பொருளும் விரும்புவோர் என்பதே. அதனை அடியொற்றியே வேட்பாளர் என்னும் சொல் அமைந்தது. ஆகவே வடசொல் நீங்கியதேயன்றி அதன் பார்வை நீங்கிற்றில்லை. பதவியை விரும்புபவர் ஒருவர், அவ்விருப்பத்தை மனுவாக எழுதித் தருகின்றார், அதுவே வேட்புமனு.

சட்டம் கூறுவது இதனின் வேறாகும். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஒருவரைத் தொகுதியின் வாக்காளர் முன்மொழிதல் வேண்டும். ஏற்பளிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர்க்கு ஒருவர் முன்மொழிந்தாற் போதும். ஏனையோர்க்குப் பதின்மர் முன்மொழிதல் வேண்டும். முன்மொழிவார் இன்றி எத்துணை விருப்பமுடையாரும் வேட்பாளர் ஆகார். தொடக்கம் வாக்காளரிடத்து இருக்க, சொல் அதனைப் பதவி விரும்புவாரிடத்து வைத்துவிட்டது. முன்மொழிவோர் கையொப்பம் வெறுஞ் சடங்காகக் கருதப்படுதற்கும் கட்சித் தலைமை அறிவிக்கும் பெயரே முடிந்த முடிபாகக் கொள்ளப்படுதற்கும் இச்சொல்லும் ஒருவாறு துணைபுரிகின்றது.

டெபாசிட் என வழங்கும் கட்டுத்தொகையையும் ஈண்டு நோக்குதல் தகும். தொடக்கத்தில் மக்களவைக்கு 500 ரூபாயும் சட்டமன்றத்திற்கு 250 ரூபாயுமாக இருந்த அத்தொகை 2010 முதல் முறையே 25,000 ரூபாயும் 10,000 ரூபாயும் ஆயிற்று. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் அதிற் பாதி. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கிற்கு மேல் பெறாதார் அதனை இழப்பர். விளையாட்டாகப் போட்டியிடுவாரைத் தடுத்தலே இதன் நோக்கம் என்பர். அந்நோக்கத்தை முன்மொழிவார் எண்ணிக்கையாலும் நிறைவேற்றலாம். பொருளுடைமையைத் தகுதியாக்குவது எளியோரைத் தடுக்கும். ஆதரவாளரைத் திரட்டுமாறு கேட்பது எவரையும் தடுக்காது.

3. பெரும்பான்மை

உரையாசிரியர்கள் பெரும்பான்மை, சிறுபான்மை என்னும் இரண்டனையும் இலக்கணக் குறியீடுகள்போல் ஆண்டுள்ளனர். ஒரு வழக்கு மிகுதியும் வருமாயின் பெரும்பான்மை எனவும், அருகி வருமாயின் சிறுபான்மை எனவும் கூறுவர். ஒரு தொகையை இரு கூறாக்கி அவற்றுட் பெரிய கூற்றையே அவர் பெரும்பான்மை என்றனர். எனவே, பாதிக்கு மேற்பட்டது என்பதே அச்சொல் தரும் பொருள்.

இந்தியத் தேர்தல் முறையில் தொகுதியில் வெல்வதற்குப் பாதிக்கு மேல் வாக்குப் பெறவேண்டுவதில்லை. போட்டியிடுவோருள் ஏனையோரினும் ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றாற் போதும். ஐவர் போட்டியிடின் நூற்றுக்கு முப்பது வாக்குப் பெற்றவரும் வெல்லலாம். எழுபதின்மர் அவரை ஏற்காதார். ஆயினும் இவ்வெற்றியையும் பெரும்பான்மை என்றே எழுதுகின்றோம். சட்டமன்றத்தில் பாதிக்கு மேற்பட்ட இடங்கள் பெறுதலையும் அவ்வாறே அழைக்கின்றோம். இருவேறு பொருள்கள் ஒரு பெயரின் நிழலில் மறைந்து நிற்கின்றன.

இதன் விளைவு எண்களிற் புலனாகும். மக்களவைத் தேர்தல் எதிலும் தனிக்கட்சி எதுவும் நாட்டின் வாக்குகளிற் பாதியைப் பெற்றதில்லை. 1984-இல் காங்கிரசு 400-க்கு மேற்பட்ட இடங்களைப் பெற்ற போதும் அதன் வாக்கு 50 விழுக்காட்டை எட்டவில்லை. 2014-இல் பாரதீய சனதாக் கட்சி ஏறத்தாழ 31 விழுக்காட்டு வாக்கால் 543-இல் 282 இடங்களைப் பெற்றது. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அ.இ.அ.தி.மு.க. ஏறத்தாழ 44 விழுக்காட்டு வாக்கால் 39-இல் 37 இடங்களைப் பெற, ஏறத்தாழ 24 விழுக்காடு வாக்குப் பெற்ற தி.மு.க. ஓரிடமும் பெற்றிலது. எக்கட்சி வென்றது, எக்கட்சி தோற்றது என்பது ஈண்டு வினாவன்று. முறையின் இயல்பு எல்லாக் கட்சிக்கும் ஒன்றே. வென்றார் தமக்கு மக்கள் ஆணை கிட்டியது என்று கூறும்போது அவ்வாணையை இட்ட மக்கள் எத்துணையர் என்பதை மறைத்தற்கு இச்சொல் இடந்தருகின்றது என்பதே எம் கருத்து.

பாதிக்கு மேற்பட்டதனைப் பெரும்பான்மை என்றும், பிறரினும் கூடியதனை மிகுதி வாக்கு என்றும் வேறுபடுத்தி வழங்கலாம். விகிதமுறைப் பிரதிநிதித்துவம் வேண்டுமா, இன்றுள்ள முறையே நிலையான ஆட்சிக்கு நன்றா என்னும் வாதத்தில் இருபாலார்க்கும் தக்க காரணங்கள் உள. ஆனால் அவ்வாதம் பொதுமக்களிடையே எழுதற்கே இரு பொருட்கும் இரு பெயர் வேண்டும்.

4. தனித்தொகுதி

இக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட சொற்களுள் மிகுந்த தீங்கு பயப்பது இதுவே எனக் கருதுகின்றோம்.

1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் இசுலாமியர் தம் பிரதிநிதிகளைத் தாமே தனித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றனர். ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கும் அவ்வுரிமை வேண்டும் என வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வாதாடினர். 1932 ஆகத்து 16 அன்று வெளியான வகுப்புத் தீர்ப்பு அதனை வழங்கியது. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அவ்வொப்பந்தத்தால் தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக, பொதுவான வாக்காளரே வாக்களிக்கும் முறையில், மாகாணச் சட்டமன்றங்களில் ஒதுக்கப்படும் இடங்கள் 71-இலிருந்து 148 ஆக உயர்த்தப்பட்டன. அக்காலத்தில் தனித்தொகுதி என்னும் சொல் கைவிடப்பட்ட அம்முறைக்கே பெயராக வழங்கியது.

விடுதலைக்குப் பின்வந்த அரசியலமைப்பு இக்கொள்கையையே உறுதி செய்தது. 325-ஆம் பிரிவு ஒவ்வொரு தொகுதிக்கும் பொதுவான ஒரே வாக்காளர் பட்டியல்தான் இருத்தல் வேண்டும் என விதிக்கின்றது. 330, 332-ஆம் பிரிவுகள் இடங்களை ஒதுக்குகின்றன. 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை நீக்கிற்று. இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் 44 பட்டியல் சாதியினர்க்கும் 2 பழங்குடியினர்க்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இத்தொகுதிகளில் வேட்பாளர் மட்டுமே அவ்வகுப்பினர். வாக்காளர் அனைத்து வகுப்பினரும் ஆவர். பெரும்பாலானவற்றில் ஒதுக்கீட்டிற்குரிய வகுப்பினர் வாக்காளருள் சிறுபான்மையரே. ஆயினும் தொகுதிப் பெயரை அடுத்துப் பிறைக்குறிக்குள் ‘தனி’ என்றே அச்சிடுகின்றோம். 1932-இல் கைவிடப்பட்ட முறையின் பெயர் அதற்கு மாறாக வந்த முறைக்குச் சூட்டப்பட்டுவிட்டது.

இதனால் இருபாற் பிழையுணர்வு விளைகின்றது. ஏனை வகுப்பினர் அத்தொகுதி தம்மிடமிருந்து பறிக்கப்பட்டுப் பிறர்க்குத் தனியுடைமையாக்கப்பட்டது என எண்ணுகின்றனர். தம் வாக்கே ஆண்டு வெற்றியை முடிவு செய்கின்றது என்பதனை மறக்கின்றனர். ஒதுக்கீட்டிற்குரிய வகுப்பினரோ தமக்கெனத் தனித்த குரல் வாய்த்ததாகக் கருத நேர்கின்றது. அவர்தம் பிரதிநிதி பிற வகுப்பினர் வாக்கையும் எதிர்நோக்கி நிற்பவர். அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதே 1932-இல் அம்பேத்கர் எழுப்பிய வினா. தனித்தொகுதி என்னும் பெயர் அவ்வினா தீர்ந்துவிட்டது போன்ற தோற்றத்தைத் தருகின்றது.

ஊராட்சிகளில் இப்பிழையுணர்வு எத்தகைய கொடுமையோடு இயைந்து நின்றது என்பதனை அண்மை வரலாறு காட்டும். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலும் 1996-இல் ஒதுக்கீட்டின்கீழ் வந்தன. ஆதிக்க வகுப்பினர் எதிர்ப்பால் 2006 வரை ஆண்டு ஊராட்சித் தலைமை முறையாக இயங்க இயலவில்லை. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரும் அவருடன் வந்தோரும் 1997 சூன் 30 அன்று கொல்லப்பட்டனர். இவற்றிற்குச் சாதி ஆதிக்கமே காரணம். ஒரு சொல்லைக் காரணமாகக் கூறுதல் அறியாமையாகும். ஆயினும், ஊர் முழுதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பொதுத் தலைவரை ‘அவர்களுடைய’ தலைவர் எனப் பிரித்துப் பேசுதற்கு ‘தனி’ என்னும் அடைமொழி கைகொடுத்தது என்பதனை மறுத்தற்கில்லை. ஒதுக்கீட்டுத் தொகுதி என்னும் சொல் முன்னரே வழக்கில் உள்ளது. ஆவணங்களும் இதழ்களும் அதனையே வழங்குதல் வேண்டும்.

5. பணப்பட்டுவாடா, இலவசம், வாக்கு வங்கி

சம்பளப் பட்டுவாடா, தபால் பட்டுவாடா என்பன அலுவலக வழக்குகள். ஒருவர்க்கு உரியதனை அவர்பாற் சேர்ப்பித்தலே பட்டுவாடா. வாக்கிற்குப் பணங் கொடுத்தலை இதழ்கள் பணப்பட்டுவாடா என்கின்றன. குற்றமாகிய ஒன்று உரிய ஊதியம்போல் இச்சொல்லால் உணர்த்தப்படுகின்றது. ‘எங்கள் தெருவிற்கு இன்னும் பட்டுவாடா ஆகவில்லை’ என்று கேட்போர் அதனைத் தமக்கு வரவேண்டிய பாக்கியாகக் கருதுதலில் வியப்பில்லை. சட்டம் இதனைக் கையூட்டு என்றே கொள்ளும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு கொடுத்தலையும் பெறுதலையும் ஊழற் செயலாகக் கூறுகின்றது. 1920-இல் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பட்டு, 2024 சூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெற்றுள்ள விதிகளும் இருவரையும் குற்றவாளிகளாகவே கொள்கின்றன. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல்களும், 2017-இல் இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலும், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் இக்காரணத்தால் நீக்கப்பட்டுப் பின்னர் நடத்தப்பெற்றன. இவற்றைப் பற்றி எழுதுங்கால் கையூட்டு என்னும் தூய தமிழ்ச்சொல் இருக்கப் பட்டுவாடாவை ஆளுதல் மொழிக்கும் நன்றன்று, அறத்திற்கும் நன்றன்று.

இலவசம் என்னும் சொல் இதற்கு மறுதலையாகிய பிழையைச் செய்கின்றது. இது குற்றமல்லாததனையும் இழிவாகக் காட்டும். தேர்தல் அறிக்கையில் வண்ணத் தொலைக்காட்சி, மின் அம்மி, மடிக்கணினி முதலியன வாக்களிக்கப்பட்டமை 2006 முதல் பெருவாதத்திற்கு இடமாயிற்று. அறிக்கையின் வாக்குறுதி 123-ஆம் பிரிவின்படி ஊழற் செயலாகாது என உச்ச நீதிமன்றம் 2013 சூலை 5 அன்று கூறியது. அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தையும் பணித்தது. 2011-க்குப் பின் தமிழக அரசு ‘விலையில்லா’ என்னும் அடைமொழியை மேற்கொண்டது. இலவசம் எனினும் விலையில்லாதது எனினும் அதன் விலையை மக்களே வரியாகக் கொடுத்துள்ளனர் என்பது மறைந்துபோகின்றது. பெறுவோர் இரவலர்போலவும் தருவோர் புரவலர்போலவும் தோன்றுகின்றனர்.

மேலும், 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிவாகத் தொடங்கப்பெற்று 1982-இல் ம.கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் சத்துணவாக வளர்ந்த பள்ளி உணவும், தேர்தலுக்கு முந்திய இரவிற் கொடுக்கும் பணமும் இலவசம் என்னும் ஒரே சொல்லால் இகழப்படுகின்றன. பள்ளி உணவை 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளின் உரிமையாக்கிவிட்டது. சட்டம் உரிமை என்றதனை இலவசம் எனல் வழு. எனவே மூன்று பெயர்கள் வேண்டும்: வேட்பாளர் மறைவிற் கொடுப்பது கையூட்டு, அரசு பொதுப்பணத்தாற் கொடுக்கும் பொருள் பொதுச்செலவுக் கொடை, சட்டம் உறுதி செய்தது உரிமை. இரண்டாவது வகை தக்கதா தகாததா என்பதனை அதன் செலவையும் பயனையும் கொண்டு ஆராயலாம். முதலாவது வகையில் ஆராய்தற்கு ஒன்றுமில்லை.

வாக்கு வங்கி என்பது சமூகவியலறிஞர் எம்.என். சீனிவாசு 1955-இல் மைசூர் நாட்டுச் சிற்றூர் பற்றிய கட்டுரையில் ஆண்ட தொடரின் மொழிபெயர்ப்பு. தம்மை அண்டி வாழ்வோரின் வாக்குகளைத் தம் கையில் வைத்திருந்த ஊர்ப் பெருந்தனக்காரரை மனத்திற்கொண்டே அவர் அதனை ஆண்டார். இன்றோ அது சிறுபான்மைச் சமயத்தாரையும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரையும் பழித்தற்கு வழங்குகின்றது. ஆதிக்கஞ் செய்வாரைச் சுட்டிய சொல் ஆதிக்கத்திற்கு உட்பட்டாரைச் சுட்டும் சொல்லாயிற்று. பொருள் திரிந்தமை மட்டுமன்று, குற்றஞ்சாட்டப்படுவோரும் மாறிவிட்டனர்.

6. கட்சித்தாவலும் கொறடாவும்

1967-இல் அரியானாவில் உறுப்பினர் ஒருவர் சின்னாட்களிற் பலமுறை கட்சி மாறியமை நாடறிந்தது. கட்சித்தாவல் என்னும் தமிழ்த்தொடர் அத்தகைய செயலின் இழிவைப் புலப்படுத்துகின்றது. 1985-இல் 52-ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பிற் சேர்ந்த பத்தாவது அட்டவணை, கட்சியின் உறுப்பினர் நிலையைத் தாமாகவே துறப்பாரும் கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிப்பாரும் பதவியிழப்பர் என்றது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் அது பிளவு எனப்பட்டுக் குற்றமாகாதிருந்தது. 2003-இல் 91-ஆம் திருத்தம் அவ்விலக்கினை நீக்கிற்று. மூன்றில் இரு பங்கினர் உடன்படும் ‘இணைப்பு’ இன்றும் விலக்குப் பெறுகின்றது. ஒருவர் செய்யின் தாவல். பலர் கூடிச் செய்யின் இணைப்பு. செயல் ஒன்றாயிருப்பவும் பெயர் மாறினமையால் தண்டனை நீங்குகின்றது.

துறத்தல் என்னும் சொல்லின் எல்லையும் விரிந்துள்ளது. தமிழ்நாட்டில் 2017 செப்டம்பரில் 18 உறுப்பினர் பதவி நீக்கப்பட்டனர். அவர்கள் கட்சியினின்று விலகவில்லை. அவையிற் கட்டளைக்கு மாறாக வாக்களிக்கவும் இல்லை. முதலமைச்சர்பால் நம்பிக்கையில்லை என ஆளுநரிடம் எழுதிக் கொடுத்தனர். அச்செயலே தாமாகத் துறத்தலாகும் எனப் பேரவைத் தலைவர் கொண்டார். 2018 சூன் திங்களில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்ட தீர்ப்பளித்தனர். மூன்றாம் நீதிபதி அக்டோபர் 25 அன்று அந்நீக்கத்தை உறுதி செய்தார். ஒரு சொல்லின் பொருள்வரம்பு 18 தொகுதிகளின் பிரதிநிதித்துவத்தை முடிவு செய்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கொறடா என்பது சாட்டை எனப் பொருள்படும் வேற்றுமொழிச் சொல்லின் வழிவந்தது. உறுப்பினர் என்பதோ உறுப்பின் அடியாகப் பிறந்தது. அவையின் உறுப்பாக மக்களால் அனுப்பப்பட்டவர் கட்சியின் சாட்டைக்கு அஞ்சி வாக்களிக்குமாறு சட்டம் அமைந்துவிட்டது. ஆட்சியின் நிலைபேற்றைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளில் மட்டும் கட்சிக் கட்டளை செல்லுபடியாதல் வேண்டும், ஏனையவற்றில் உறுப்பினர்க்கு உரிமை வேண்டும் என்னும் சீர்திருத்தக் கருத்து நெடுநாளாகப் பேசப்படுகின்றது. உறுப்பினர் என்னும் சொல்லின் காரணப் பொருளைக் காப்பதற்கு அதுவே ஏற்ற வழியாகத் தோன்றுகின்றது.

7. நோட்டா

ஆங்கிலத் தொடர் ஒன்றன் முதலெழுத்துகளாலாகிய இச்சொல் தமிழர்க்கு முழு இடுகுறி. போட்டியிடும் எவரையும் ஏற்காதார் முன்னர் 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49-ஓ பிரிவின்படி அலுவலரிடம் கூறிப் பதிவேட்டிற் குறிப்பிக்க வேண்டியிருந்தது. அதனால் அவர்தம் கருத்து மறைவாக இருத்தற்கில்லை. 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் வாக்குப்பொறியிலேயே அதற்கொரு பொத்தான் வைக்குமாறு பணித்தது. மறைவாக வாக்களிக்கும் உரிமை ஏற்பவர்க்கும் ஏற்காதவர்க்கும் ஒப்ப உரியது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இதனை நிராகரிக்கும் உரிமை எனப் பலர் எழுதுகின்றனர். அது பிழை. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் இப்பொத்தானுக்கே மிகுதியான வாக்கு விழினும், வேட்பாளருள் மிகுதி பெற்றவரே வெல்வர். கட்டுத்தொகைக்குரிய கணக்கிலும் அவ்வாக்குகள் செல்லத்தக்க வாக்காகச் சேர்வதில்லை. ஆகவே அது நிராகரித்தலன்று. ஏற்பின்மையைத் தெரிவித்தல் மட்டுமே. ஏற்பிலா வாக்கு என்று வழங்கின் அதன் ஆற்றலும் எல்லையும் ஒருங்கே விளங்கும். இல்லாத உரிமையை இருப்பதாகக் காட்டும் பெயர், அவ்வுரிமையை வேண்டிப் போராடுவதற்குரிய தேவையையே மறைத்துவிடும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். தேர்தல் போன்ற சில சொற்களில் காரணப் பொருள் உயர்ந்தது. நடைமுறையே அதனினும் தாழ்ந்து நிற்கின்றது. ஆண்டுச் சொல்லை மாற்றாது நடைமுறையைச் சொல்லின் உயரத்திற்கு உயர்த்துதல் வேண்டும். பெரும்பான்மை, தனித்தொகுதி, நோட்டா போன்றவற்றில் சொல்லே உண்மையினின்று விலகி நிற்கின்றது. ஆண்டுச் சொல்லைத் திருத்துதல் வேண்டும். பட்டுவாடா, இலவசம், வாக்கு வங்கி போன்றவற்றில் சொல் ஒரு சாரார் நலத்திற்குத் துணைபோகின்றது. அவற்றைப் பயன்படுத்துவார் அதனை அறிந்தேனும் பயன்படுத்துதல் வேண்டும்.

சொற்களைத் திருத்துவதனாலேயே அரசியல் திருந்திவிடும் என்று யாம் கூறவில்லை. மேலவளவில் நிகழ்ந்த கொடுமையைச் சொல்லாக்கக் குழு எதுவும் தடுத்திருக்க இயலாது. ஆயினும் தமக்குரியது யாது, தம்மிடமிருந்து மறைக்கப்படுவது யாது என்பதனை மக்கள் தம் தாய்மொழியிலேயே அறிதற்கு வழிசெய்தல் தமிழ்த்துறைகளின் கடமை. முதற் சீர்திருத்தத்தில் தமிழறிஞர் முன்னின்றனர். இரண்டாவதிலும் அவர்கள் சட்ட அறிஞரோடு கைகோத்து முன்னிற்றல் வேண்டும். தேர்தற் சொல் ஒவ்வொன்றிற்கும் வேர்ப்பொருள், சட்டப்பொருள், உலக வழக்கு ஆகிய மூன்றனையும் தரும் அகராதி ஒன்று ஆக்கப்படுதல் இன்றியமையாதது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சொல்லை மேற்கொண்டு நூற்றாண்டு காலத்து இதழ்களிலும் அவைக் குறிப்புகளிலும் அதன் வரலாற்றைத் தொகுப்பாராயின் அப்பணி எளிதாகும். ஈண்டுக் கூறிய முடிபுகளை அறிஞர் ஆராய்ந்து, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவாராக.